ஐந்நூறு தடவை மூடிய கதவு

லிஃப்ட் கதவுகளுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்கிற அந்தச் சிறிய கம்பெனியில் மொத்தம் பதினோரு பேர். அதில் ஒருத்திக்கு லிஸ்டிங் அக்கா என்று பெயர். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

பெயர் வந்த கதை சுருக்கமானது. பலகையில் விரல் நகம் அளவுக்கு ஒரு சிப் இருக்கும். கதவை எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும், நடுவில் யாராவது கையை விட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் அக்கா சி மொழியில் எழுதுவாள். சிப்புக்கு சி மொழி தெரியாது. அக்கா எழுதியதை அதற்குப் புரிகிற சின்னச் சின்னக் கட்டளைகளாக மாற்றிக் கொடுக்கிற மென்பொருள்தான் கம்பைலர். மாற்றி முடித்ததும், இதோ பார் இப்படித்தான் மாற்றினேன் என்று அது ஒரு நீளமான பட்டியலையும் தரும். அதற்கு லிஸ்டிங் என்று பெயர். மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் வைத்திருப்பார்களே, அதைப் படிக்கிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேர்தான் இதையும் படிப்பார்கள். அக்கா அதை அச்செடுத்து, பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு, வரி வரியாக டிக் போட்டுப் படிப்பாள். அவள் டிக் போட்ட பலகை வெளியே போனால் அதைப் பற்றி யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. கம்பெனியில் அது எழுதாத சட்டம்.

அவள் ஒன்றும் பெரிய படிப்பு படித்தவள் அல்ல. டிப்ளமோ முடித்து, இதே கம்பெனியில் முக்காலியில் உட்கார்ந்து எட்டு வருஷம் ஈயத்தை உருக்கிப் பலகையில் பாகங்களை ஒட்டினாள். சாப்பாட்டு நேரத்தில் அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு சி மொழியைத் தானாகவே கற்றாள். அவள் எழுதிய முதல் நிரல் ஒரு சின்ன விளக்கை அணைத்து அணைத்து எரிய வைத்தது. அன்றைக்கு அவளுக்கு இருபத்தேழு வயது. இப்போது ஐம்பத்தொன்று. தன்னைவிட ஏழு வயது சின்னவனான தம்பியை இதே கம்பெனிக்கு லிஃப்ட் மெக்கானிக்காகக் கூட்டி வந்தவளும் அவள்தான். அவன் வேலை போவதற்குக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

அதைச் சொல்லாமல் இந்தக் கதையில் ஒரு அடி நகர முடியாது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் தம்பி ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவைச் சர்வீஸ் செய்துவிட்டு வந்தான். அன்று மத்தியானமே, பின்னால் ஓடி வந்த ஒருவருக்காகக் கதவைப் பிடித்து நிறுத்தலாம் என்று ஒரு டீச்சரம்மா கையை நீட்டியிருக்கிறார். கதவில் மேலிருந்து கீழ் வரை ஒளித்திரை என்று ஒன்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சக் கோடுகள். கை குறுக்கே வந்தால் கோடு அறுபடும், கதவு உடனே பின்வாங்க வேண்டும். அன்றைக்கு வாங்கவில்லை. டீச்சரம்மாவின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

தவறு இரண்டு இடத்தில்தான் இருக்க முடியும். ஒன்று தம்பி ஒளித்திரையைச் சரியாகப் பொருத்தவில்லை. இல்லாவிட்டால் அக்காவின் நிரலில் ஓட்டை. லிஃப்ட் ஆய்வாளர் எழுத்தில் கேட்டார். அக்கா சோதனைக் கதவை ஐந்நூறு தடவை மூடிப் பார்த்தாள். ஐந்நூறு தடவையும் அது சமர்த்தாகப் பின்வாங்கியது. லிஸ்டிங்கை எடுத்து மறுபடி முழுதாகப் படித்தாள். ஒரு வரிகூடப் பிசகவில்லை. "மென்பொருளில் குறை இல்லை. ஒளித்திரை சரியாகப் பொருத்தப்படவில்லை என்றே கருத வேண்டியுள்ளது" என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டாள். தம்பிக்கு வேலை போயிற்று. மெக்கானிக் அனுமதிச் சீட்டையும் வாங்கிக்கொண்டார்கள். இப்போது வீட்டு முன்னறையில் வைத்து வாஷிங் மிஷின் ரிப்பேர் செய்கிறான். அக்கா போனால் நாற்காலி எடுத்துப் போடுவான். வெயிலைப் பற்றிப் பேசுவார்கள், தண்ணீர் வருவதைப் பற்றிப் பேசுவார்கள். லிஃப்ட் என்ற சொல் மட்டும் அந்த வீட்டில் யார் வாயிலும் வராது.

போன மாதம் கம்பைலர் கண்ணை மூட ஆரம்பித்தது. இத்தனை வருஷமாக அக்கா உபயோகித்த பழைய கம்பைலரைச் செய்த கம்பெனி எப்போதோ கடையை மூடிவிட்டது. அது ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் ஓடும். காசு கொடுத்து வாங்கியதற்கு அத்தாட்சியாக அந்தக் கம்ப்யூட்டரின் முதுகில் செருகியிருக்கும் சின்னச் சாவி போனால் கம்பைலரும் ஓடாது. அந்தக் கம்ப்யூட்டர் ஒரே மாதத்தில் இரண்டு தடவை படுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இருபத்திரண்டு லிஃப்ட்டுக்கு ஆர்டர் வந்தது. அவர்களுடைய பொறியாளர் ஒரு வரியில் கேட்டிருந்தார்: இனி எந்தக் கம்பைலர், அதை எப்படி நம்புவது? வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பதில் எழுத்தில் வேண்டும்.

மூன்று கம்பைலர்கள் களத்தில் இருந்தன. ஒன்று சான்றிதழ்களோடு வருகிற விலை உயர்ந்தது. அதற்கு அலுவலகத்தில் மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டாவது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகக் கிடைப்பது. மூன்றாவது, சிப் செய்கிறவர்களே சிப்போடு சேர்த்துக் கொடுப்பது.

சோதனைக் கதவு பின் அறையில் இருக்கிறது. ஆள் உயரத்தில் பாதி. நிஜக் கதவில் இருக்கிற மோட்டார், ஒளித்திரை எல்லாம் அதிலும் உண்டு. அதைப் பார்த்துக்கொள்கிறவர் புகையார். நாள் முழுக்க ஈயப் புகையிலேயே உட்கார்ந்திருப்பதால் வந்த பெயர். கதவு பாதிக்கு மேல் மூடியதும் ஒரு சின்னக் கரம் நீண்டு ஒரு கேரட்டை நடுவில் நீட்டும். கதவு பின்வாங்கினால் கேரட் பிழைக்கும். விரலுக்குப் பதிலாகக் கேரட் என்பது புகையாரின் கண்டுபிடிப்பு. மரக்குச்சி வைத்தால் கதவு கெட்டுவிடும், கேரட் வைத்தால் மிஞ்சினது நமக்கு என்பது அவர் கணக்கு. நாலு வினாடிக்கு ஒரு தடவை. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை ஓட்டினால் எட்டாயிரம் தடவை.

திங்கட்கிழமை மாப்பிள்ளையை ஓட்டினார்கள். பத்து மணிக்குள் முதல் கேரட் இரண்டாக விழுந்தது.

"அக்கா, இங்க வாங்க. மாப்பிள்ளை கடிச்சிட்டாரு."

"விளையாடாதீங்க. ஒளித்திரை லைட் எரியுதா?"

"எரியுது. அறுந்ததையும் சரியா காட்டுது. கதவுதான் கண்டுக்கல."

சாயங்காலத்துக்குள் ஏழு கேரட் உடைந்தது. செவ்வாய்க்கிழமை இலவசக் கம்பைலர், நாலு கேரட். முதலாளி ஒவ்வொரு தடவையும் வந்து உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போனார். உடைகிற சத்தம் சின்னதுதான். ஆனாலும் அக்காவுக்கு ஒவ்வொரு தடவையும் வலது கை தானாக மூடிக்கொண்டது.

புதன்கிழமை சிப்காரர்களுடைய கம்பைலர். மத்தியானம் வரை ஒன்றும் உடையவில்லை. ஐந்து மணிக்கும் உடையவில்லை. முதலாளி முகத்தில் மூன்று நாள் கழித்து ரத்த ஓட்டம் வந்தது.

"அப்ப முடிஞ்சுதேம்மா. இதுதான் நம்பகமானது. மத்த ரெண்டும் குப்பை. எழுதிக் குடுத்துடுங்க."

"நாளைக்குச் சொல்றேன் சார்."

"இன்னும் என்ன இருக்கு? எட்டாயிரத்துக்குச் சைபர். கண்ணு முன்னாடி தெரியுது."

"ரெண்டு பேரு வேற வேற ஊர்ல உக்காந்து வேற வேறயா செஞ்ச கம்பைலரு சார். ரெண்டும் ஒரே மாதிரி தப்பு பண்ணுமா?"

முதலாளிக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. அக்காவுக்கும் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை முதல் கேரட் உடைந்தபோதே, தப்பு கம்பைலரில் இல்லையோ என்ற சந்தேகம் அவளுக்கு வந்துவிட்டது. அதனால்தான் மூன்று நாளாக அவள் லிஸ்டிங்கைத் தொடவே இல்லை. மேஜையைத் துடைத்தாள், பழைய கடிதங்களை அடுக்கினாள், பிரிண்டரில் காகிதம் இல்லை என்றாள். இருபத்துநாலு வருஷத்தில் லிஸ்டிங் அக்கா லிஸ்டிங்குக்குப் பயந்து ஓடியது இதுதான் முதல் தடவை. புதன்கிழமை சாயங்காலம், வேறு சாக்கு எதுவும் மிச்சமில்லாமல் போனதும், மூன்றையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கதவு எவ்வளவு தூரம் மூடியிருக்கிறது என்பதை நிரல் ஒரு எண்ணாக வைத்திருக்கும். முழுக்கத் திறந்திருந்தால் சைபர், முழுக்க மூடினால் ஐந்நூற்று இருபது. மோட்டார் ஒரு துளி சுற்றும்போதெல்லாம் அந்த எண் ஒன்று கூடும். நானூற்று எண்பதைத் தாண்டிவிட்டால் இனி நடுவில் விரல் நுழைய இடமில்லை என்று அர்த்தம். அதற்கப்புறம் நிரல் ஒளித்திரையைப் பார்க்காது, கதவைக் கடைசிவரை அழுத்தி மூடிவிடும். இதெல்லாம் சரியான ஏற்பாடுதான். சிக்கல், அந்தச் சிப் சின்னது என்பதில் இருந்தது. பெரிய எண்ணை அதால் ஒரே பார்வையில் படிக்க முடியாது. இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைப் படித்துவிட்டு அப்புறம் மறு பாதியைப் படிக்கும்.

வங்கியில் டோக்கன் எண் காட்டுகிற பலகையை நினைத்துக்கொண்டால் போதும். நூற்றுத் தொண்ணூற்றொன்பது எரிகிறது. நீங்கள் கடைசி இரண்டு இலக்கத்தை முதலில் பார்க்கிறீர்கள்: தொண்ணூற்றொன்பது. அந்த நொடியில் பலகை இருநூறுக்கு மாறிவிடுகிறது. இப்போது முதல் இலக்கத்தைப் பார்க்கிறீர்கள்: இரண்டு. ஆகமொத்தம் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று படித்துவிட்டு, ஐயோ என் எண் போய்விட்டதே என்று எழுந்து ஓடுகிறீர்கள். பலகை பொய் சொல்லவில்லை. உங்கள் கண்ணும் பொய் சொல்லவில்லை.

கதவு சரியாகப் பாதி மூடுகிற இடத்தில், இருநூற்று ஐம்பத்தைந்திலிருந்து இருநூற்று ஐம்பத்தாறுக்கு மாறுகிற அந்தக் கணத்தில், சிப் இப்படித்தான் படித்துவிடுகிறது. கிடைப்பது ஐந்நூற்றுப் பதினொன்று. கதவு மூடிவிட்டது, இனி ஒளித்திரை வேண்டாம், அழுத்து.

மாப்பிள்ளை இரண்டு பாதிகளுக்கும் நடுவில் வேறு நாலு வேலையைச் செருகியிருந்தது, அதனால் அடிக்கடி மாட்டியது. இலவசம் இரண்டு வேலையைச் செருகியிருந்தது. சிப்காரர்களுடையது பெரிய பாதியை முதலில் படித்தது, அதனால் தப்பாகப் படித்தாலும் எண் சிறியதாகப் போய், கதவு இன்னும் திறந்தே இருக்கிறது என்று ஏமாந்தது. அதில் யாருக்கும் ஆபத்தில்லை. அது நல்ல கம்பைலர் என்பதால் கேரட் பிழைக்கவில்லை, குருட்டு அதிர்ஷ்டத்தில் பிழைத்தது. மூன்றும் அக்கா எழுதியதை எழுதியபடிதான் மாற்றியிருந்தன.

இவள் எழுதியதுதான் தப்பு. அந்த எண்ணுக்கு முன்னால் வோலடைல் என்ற சொல்லைப் போட்டிருந்தாள். இது எப்போது வேண்டுமானாலும் மாறும், பழைய ஞாபகத்தில் இருக்காதே, ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார் என்று கம்பைலருக்குச் சொல்கிற சொல் அது. சிப்போடு குப்பை கொட்டுகிறவர்கள் எல்லோரும் இந்தச் சொல்லைத் தாயத்து மாதிரி கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். புதிதாகப் பார்ப்பது வேறு, முழுதாகப் பார்ப்பது வேறு. படிக்கிற நேரத்துக்கு மட்டும் எண்ணை மாறவிடாமல் நிறுத்தி வைக்க மூன்றே மூன்று வரி சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. வரி வரியாக டிக் போட்டவள்தான். ஆனால் இரண்டு வரிக்கு நடுவில் என்ன நுழையும் என்று எந்த லிஸ்டிங்கிலும் அச்சாவதில்லை.

அப்போது அவள் பழைய லிஸ்டிங்கை எடுத்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் டிக் போட்டது. பழைய கம்பைலரும் சின்னப் பாதியைத்தான் முதலில் படித்தது. நடுவில் எதையும் செருகவில்லை. இடைவெளி மிக மிகச் சின்னது. ஆனால் இடைவெளி இருந்தது.

பழையதில் உடையாது, அவ்வளவு சின்ன இடைவெளியில் போய் மாட்டாது என்று தனக்குத்தானே அடித்துச் சொல்லிக்கொண்டாள். சொன்னதை அவளே நம்பவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, நாலு வருஷத்துக்கு முன் அந்தக் கட்டடத்தில் ஓடிய அதே நிரலை, ஒரு எழுத்து மாற்றாமல், சோதனைக் கதவில் ஏற்றச் சொன்னாள். புகையார் விவரம் கேட்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை மட்டும் கொண்டுவந்து போட்டார்.

ஐந்நூறு தாண்டியது. அன்றைக்கு இதே இடத்தில்தான் போதும் என்று நிறுத்தினாள். ஆயிரம் தாண்டியது. கதவு வரும், கரம் நீளும், கதவு பின்வாங்கும். இரண்டாயிரம். புகையார் டீ வைத்துவிட்டுப் போனார், அது ஆடை கட்டியது. ஒவ்வொரு தடவை கதவு பின்வாங்கும்போதும் அவளுக்கு மூச்சு வந்தது, மறுபடி மூடத் தொடங்கும்போது நின்றது. மூவாயிரத்தில் கொஞ்சம் தைரியம் வந்தது. நாலாயிரத்தில், கேரட் உடையாமல் இருக்க வேண்டும் என்று தான் வேண்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். உடையாவிட்டால் தப்பு தம்பியுடையது. தப்பு தம்பியுடையதாக இருக்க வேண்டும் என்றுதானே இத்தனை நேரமும் வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வேண்டுதலை மட்டும் நிறுத்த முடியவில்லை.

ஐயாயிரம். ஆறாயிரம்.

ஆறாயிரத்து இருநூற்றுப் பதினாலில் கதவு பின்வாங்கவில்லை. அழுத்தி மூடியது. அரைக் கேரட் உள்ளே விழுந்தது, அரைக் கேரட் அவள் காலடியில் விழுந்தது.

மணி மூன்றாக ஐந்து நிமிஷம் இருந்தது. புகையார் கதவின் மின்சாரத்தை நிறுத்தினார். பிறகு, எதிரில் யார் இருக்கிறார்கள் என்று மறந்தவர் போல, "அப்ப தம்பி ஒண்ணும் பண்ணலையா" என்றார்.

முதலாளி கெட்டவர் அல்ல. டீச்சரம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்கார்ந்திருந்தவர். அக்கா சொன்னதை முழுதாகக் கேட்டார், இரண்டு தடவை கேட்டார், லிஸ்டிங்கில் அவள் விரல் வைத்த இடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மூணு வரி சேர்த்தா சரியாயிடுமா?"

"ஆயிடும் சார்."

"அப்ப சேருங்க. ஏதாவது ஒரு கம்பைலர்ல புதுசா போடுங்க. வெளிய ஓடுற பழைய பலகை எத்தனை?"

"இருநூத்தி எட்டு."

"எல்லாருக்கும் இன்னைக்கே போன் பண்றேன். கதவுல சர்வீஸ் இருக்கு, ஆளு வர்ற வரைக்கும் லிஃப்ட்ட நிறுத்தி வைங்கன்னு. ஒரு வாரத்துல எல்லாத்தையும் மாத்திடலாம். இனிமே யாருக்கும் அடிபடாது. சரிதானே?"

"சரி சார்."

"அப்புறம் என்ன?"

அக்கா இரண்டாவது காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். லிஃப்ட் ஆய்வாளருக்கு எழுதியது. நாலு வருஷத்துக்கு முன் நான் கொடுத்த அறிக்கை தவறு, விபத்துக்குக் காரணம் நான் எழுதிய நிரல், மெக்கானிக்கின் மேல் குறை சொல்ல எந்தச் சான்றும் இல்லை என்று நாலே வரி.

முதலாளி அதைத் தொடாமலே படித்தார். "இதைக் குடுத்தா கேஸைத் திறப்பாங்க. ஆஸ்பத்திரி ஆர்டர் போகும். இங்க பதினோரு குடும்பம் இருக்கும்மா. உங்களதும் சேத்துத்தான்."

"தெரியும் சார்."

"கதவு எல்லாத்தையும் மாத்திடுறோம். இந்தக் காகிதத்தால இன்னும் ஒரு விரலாவது பிழைக்கப் போகுதா? சொல்லுங்க."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு விரலும் பிழைக்கப் போவதில்லை. கதவுகள் மாறிவிடும், ஊர் பத்திரமாக இருக்கும், கம்பெனி நடக்கும், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பதில் போய்விடும். மிச்சம் இருப்பது ஒரு வாஷிங் மிஷின் ரிப்பேர்காரன் பெயர் மட்டும்தான்.

"அந்த அறிக்கையில என் கையெழுத்து இருக்கு சார்."

"அவன் உங்க தம்பிங்கறதால பேசறீங்க."

"தம்பிங்கறதாலதான் அன்னைக்கு அப்படி எழுதினேன் சார். தம்பிக்குச் சலுகை குடுத்துட்டான்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு. வேற ஆளா இருந்திருந்தா இன்னும் ஆயிரம் தடவை ஓட்டிப் பாத்திருப்பேன்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமும் சொன்னதில்லை. முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். காகிதத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "நான் இதைப் பாக்கல" என்றார். கோபமா அனுமதியா என்று தெரியவில்லை. அவள் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்கினாள். வந்து ஆஸ்பத்திரிக்கு எழுதினாள். மூன்று கம்பைலரில் இலவசமானதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று எழுதினாள். சிப்காரர்கள் தங்களுடையதில் தெரிந்த குறை எதுவும் இல்லை என்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் குறைப்பட்டியல் வைத்திருக்கிறார்கள், ஆனால் ரகசியம் காப்போம் என்று கையெழுத்துப் போட்டால்தான் காட்டுவார்கள். இலவசத்தைச் செய்கிறவர்கள் மட்டும் தாங்கள் செய்த தப்பை எல்லாம் தேதியோடு, யார் கண்டுபிடித்தார்கள் என்ற விவரத்தோடு, எல்லோரும் பார்க்கும்படி வெளியே வைத்திருக்கிறார்கள். எந்தப் பதிப்பில் தொடங்குகிறோமோ அதையே பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளலாம், சாவி வேண்டாம். சோதனையில் உடைந்ததற்குக் காரணம் எங்கள் நிரல், கம்பைலர் அல்ல. அதைத் திருத்திவிட்டோம். ஆய்வாளருக்குக் கொடுத்த கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறோம். இணைக்காமலும் இருந்திருக்கலாம். இணைத்தாள். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் அனுப்பிவிட்டுக் கிளம்பினாள்.

தம்பி வீட்டு முன்னறையில் ஒரு மிஷின் வயிறு பிளந்து கிடந்தது. தம்பி அதன் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு திருகைக் கழற்றிக்கொண்டிருந்தான். உள்ளே தம்பி மனைவி துணி மடிக்கிற சத்தம் கேட்டது.

"வாக்கா. நாற்காலி போடவா?"

"வேண்டாம்டா." அவள் தரையிலேயே உட்கார்ந்தாள். வழி நெடுக யோசித்து வைத்திருந்த முன்னுரை எல்லாம் மறந்துபோயிற்று. "லிஃப்ட்டு விஷயம்" என்றாள்.

திருப்புளி நின்றது.

அவள் சொன்னாள். இரண்டு பாதியாகப் படிப்பதைச் சொன்னாள், கேரட்டைச் சொன்னாள், ஆறாயிரத்து இருநூற்றுப் பதினாலைச் சொன்னாள். அவன் நிமிரவே இல்லை. திட்டுவான், எழுந்து போய்விடுவான், அழுவான் என்று மூன்றுக்கும் அவள் தயாராக வந்திருந்தாள்.

"இப்பவும் ஓடுதா அந்த நிரல்?"

"எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லியாச்சு. மாத்திக்கிட்டிருக்காங்க."

"ம்." தொட்டியின் விளிம்பைத் தடவினான். "அன்னைக்கு நான் ஒளித்திரையைப் பொருத்திட்டு மூணு தடவை கைய விட்டுப் பாத்தேன்க்கா."

"தெரியும்டா."

"உனக்குத் தெரியாது. எனக்கே தெரியாம போச்சு. மூணு தடவை பாத்தது எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. அப்புறம் நீ எழுதினதைப் படிச்சுக் காட்டினாங்க. அக்கா தப்பா எழுத மாட்டா, அப்ப நாந்தான் பாக்காம வந்துட்டு, பாத்த மாதிரி நெனச்சுக்கிட்டிருக்கேன்னு ஆயிடுச்சு. டீச்சரம்மா வீட்டுக்குப் போயி, நாந்தாம்மா பண்ணேன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டேன்."

நாலு வருஷமாக அவன் தன்மேல் கோபமாக இருக்கிறான் என்று அக்கா நினைத்திருந்தாள். கோபமாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வாய்விட்டு அழுதாள். அவன் தடுக்கவில்லை.

அழுகைச் சத்தம் கேட்டுத் தம்பி மனைவி கதவருகில் வந்து நின்றாள். "என்ன அண்ணி? என்னாச்சு?"

"நீ இங்க வா, உக்காரு" என்றான் தம்பி. தொட்டியைக் கீழே இறக்கி வைத்தான், இரண்டு கையையும் துணியில் துடைத்துக்கொண்டான். "அக்கா, இன்னொரு தடவை சொல்லு. மொதல்ல இருந்து சொல்லு. இவ கேக்கட்டும்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.